ஸ்டேட் ரீஃபண்டும் ஏஎம்டியும்: ஐஆர்எஸ் ஒர்க்‌ஷீட், பப்ளிகேஷன் 525, வரி மென்பொருள் — எது எதுவரை கைகொடுக்கும்?

அமெரிக்காவில் மாநில வருமான வரி ரீஃபண்ட் கைக்கு வந்தால், அடுத்த ஜனவரியில் 1099-ஜி படிவம் வரும். அதன் பெட்டி 2-இல் உள்ள தொகையை ஃபெடரல் வருமானத்தில் சேர்க்க வேண்டுமா, சேர்த்தால் எவ்வளவு என்று கண்டுபிடிக்க மூன்று கருவிகள் இருக்கின்றன. முதலாவது, ஃபெடரல் வருமான வரி ரிட்டர்னான 1040-உடன் இணையும் ஷெட்யூல் 1-இன் லைன் 1-க்காக, அதன் கையேட்டில் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அச்சிடும் சின்ன ஒர்க்‌ஷீட். இரண்டாவது, எது வரிக்குரிய வருமானம் என்று விளக்கும் ஐஆர்எஸ்ஸின் பப்ளிகேஷன் 525. மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் வரி மென்பொருள். முந்தைய ஆண்டில் ஏஎம்டி, அதாவது மாற்றுக் குறைந்தபட்ச வரி (சில கழிவுகளை மறுத்து இன்னொரு முறையில் கணக்கிடும்போது சாதாரண வரியை விடக் கூடுதலாக வரும் தொகை), கட்டாதவருக்கு இவற்றில் எதை எடுத்தாலும் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கட்டியவர் நிலைமை வேறு. முதலாவது அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது சரியான வழியைக் காட்டிவிட்டுப் பாதியில் நின்றுவிடும். மூன்றாவதில் எண் மட்டும் எப்போதும் வந்துவிடும். சரியான எண்ணா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இந்த மதிப்பீடு குறிப்பாக 2025-ஆம் ஆண்டுக்கான ரீஃபண்டை மனதில் வைத்து எழுதப்படுகிறது. காரணம் உண்டு. 2018 முதல் 2024 வரை மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. கலிபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ சொந்த வீடும் இரண்டு சம்பளமும் உள்ள குடும்பம் 38,000 டாலர் கட்டினாலும் கழிக்க முடிந்தது 10,000தான். பயன்படாமல் போன 28,000-ஐ விட ரீஃபண்ட் சிறியது என்றால் அதில் ஒரு டாலருக்கும் வரி கிடையாது. ஏஎம்டி பற்றி யோசிக்கவே தேவை வரவில்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்த வரம்பை 2025-க்கு 40,000 டாலராகவும் 2026-க்கு 40,400 டாலராகவும் உயர்த்திவிட்டது. ஏழு ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த கணக்கு எழுந்துவிட்டது. 2025-க்கான ரீஃபண்ட் 2026-இல் வரும். அது 2027-இல் தாக்கல் செய்யும் 2026 ரிட்டர்னில் ஏறும். 2024-க்கான ரீஃபண்டை 2025 ரிட்டர்னில் காட்டும்போது பழைய 10,000 வரம்புதான் பேசும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

விதி

வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 111 சொல்வது எளிது: முன்பு கழித்த தொகை திரும்பி வந்தால், அந்தக் கழிவு அப்போது எவ்வளவு வரியைக் குறைத்ததோ அந்த அளவுக்கு மட்டுமே அது இப்போது வருமானம். வரியே குறையவில்லை என்றால் வருமானம் இல்லை. ஏஎம்டி கணக்கில் மாநில வரி, சொத்து வரி இரண்டுக்குமே கழிவு கிடையாது. கழிவுகளைப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ-யின் லைன் 7-இல் உள்ள வரிக் கழிவு முழுவதையும், ஏஎம்டியைக் கணக்கிடும் ஃபார்ம் 6251-இன் லைன் 2ஏ திரும்பக் கூட்டிவிடுகிறது. ஆகவே ஏஎம்டி கட்டிய ஆண்டில் மாநில வரிக் கழிவின் ஒரு பகுதியோ முழுவதுமோ வீணாகியிருக்கலாம். எவ்வளவு வீணானது என்பதுதான் கேள்வி.

சின்ன ஒர்க்‌ஷீட்

செய்ய வேண்டிய வேலைக்கு இது நன்றாகவே வடிவமைக்கப்பட்டது. ரீஃபண்டை எழுது, ஷெட்யூல் ஏ-யின் 5டி-யிலிருந்து (கட்டிய மொத்த வரி) 5இ-யை (வரம்புக்குள் கழித்தது) கழித்து, வரம்பால் வீணான தொகையைக் கண்டுபிடித்து நீக்கு, முந்தைய ஆண்டின் மொத்த ஐட்டமைஸ்டு (தனித்தனியாகப் பட்டியலிட்ட) கழிவு, பட்டியலிடாதவருக்கு நிலையாகக் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை விட எவ்வளவு அதிகம் என்று பார், இரண்டில் சிறியதை லைன் 1-இல் போடு. ஐஆர்எஸ் 2019-இல் வெளியிட்ட ரெவென்யூ ரூலிங் 2019-11 விளக்கியதும் இதே தர்க்கம்தான். அந்த ரூலிங்கில் வரும் நான்கு கற்பனை வரிதாரர்களில் ஒருவருக்கும் ஏஎம்டி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்பதையும் கவனிக்கலாம்.

ஒர்க்‌ஷீட்டின் குறை அதற்கு முன்னால் அச்சாகும் விதிவிலக்குப் பட்டியலில் இருக்கிறது. முந்தைய ஆண்டில் ஏஎம்டி கட்ட வேண்டியிருந்தால் இதைப் பயன்படுத்தாதே, பப்ளிகேஷன் 525-க்குப் போ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் படிக்காமல் நேராகக் கட்டங்களை நிரப்புபவர் ரீஃபண்ட் முழுவதையும் வருமானமாகக் காட்டித் தேவையில்லாமல் வரி கட்டக்கூடும். ஒர்க்‌ஷீட்டுக்குள் எச்சரிக்கை மணி எதுவும் இல்லை. ‘ஃபார்ம் 6251 லைன் 11-இல் (ஏஎம்டி) தொகை இருந்தால் நிறுத்து’ என்று முதல் கட்டத்திலேயே போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

அதே பட்டியலில் உள்ள இன்னும் இரண்டு விலக்குகள் அடிக்கடி தவறவிடப்படுகின்றன. ஒன்று விற்பனை வரி மாற்று. முந்தைய ஆண்டில் மாநில வருமான வரியாக 5,000 டாலர் கழித்தவர், அதற்குப் பதில் விற்பனை வரியாக 3,200 கழித்திருக்க முடியும் என்றால், வருமான வரியைத் தேர்ந்ததால் அவருக்குக் கிடைத்த கூடுதல் பயன் 1,800 மட்டுமே. ரீஃபண்ட் 2,500 வந்தாலும் 1,800-க்கு மேல் வருமானமாகாது. மற்றொன்று, நான்காம் காலாண்டு எஸ்டிமேட்டட் வரியை (தாமே முன்கூட்டிக் கட்டும் தவணை) அடுத்த ஜனவரியில் கட்டியவர்கள். மொத்தம் கட்டிய 26,000-இல் 6,500 ஜனவரியில் போனது என்றால், 6,000 ரீஃபண்டில் கால் பங்கான 1,500 அந்த ஜனவரித் தவணைக்குச் சேரும். அது வருமானமாகாது; நடப்பு ஆண்டில் கழிக்கும் மாநில வரியிலிருந்து குறைந்துவிடும். மீதி 4,500-க்குத்தான் மற்ற கணக்கெல்லாம்.

பப்ளிகேஷன் 525

இங்கே ஏஎம்டிக்கென்று தனிப் பத்தி உண்டு, அது சொல்லும் முறை சரியானதும்கூட: முந்தைய ஆண்டின் சாதாரண வரியையும் ஏஎம்டியையும் மறுபடி கணக்கிடு. திரும்பி வந்த தொகையைச் சேர்த்தும் மொத்த வரி மாறவில்லை என்றால் வருமானத்தில் சேர்க்காதே. மொத்த வரி கூடினால், எந்த அளவுக் கழிவு அப்போது வரியைக் குறைத்ததோ அந்த அளவைச் சேர். முறை சரி. ஆனால் ஏஎம்டிக்கு நிரப்பக் கட்டங்களும் இல்லை, எண்களோடு எடுத்துக்காட்டும் இல்லை. அதை இங்கே போட்டுப் பார்த்துவிடலாம்.

2025-ஆம் ஆண்டு, கலிபோர்னியா, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதி. சம்பளம் 3,80,000 டாலர். மாநில வருமான வரி 26,000, சொத்து வரி 12,000, ஆக 38,000. புதிய 40,000 வரம்புக்குள் அடங்கிவிட்டது. வீட்டுக் கடன் வட்டி 20,000, நன்கொடை 2,000. மொத்தக் கழிவு 60,000. வரிக்குரிய வருமானம் 3,20,000. அதற்குச் சாதாரண வரி 62,494 டாலர். கடைசி டாலர் 24 சதவீத அடுக்கில் இருக்கிறது.

இவர்கள் அந்த ஆண்டில் நிறுவனம் கொடுத்த ஐஎஸ்ஓ பங்கு ஆப்ஷன்களை (குறித்த விலையில் பங்கு வாங்க ஊழியருக்குத் தரும் உரிமை) எக்சர்சைஸ் செய்து, அதாவது பங்குகளை வாங்கி, ஆண்டு முடியும்வரை விற்காமல் வைத்திருந்தார்கள். வாங்கிய விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் 40,000. அது ஃபார்ம் 6251-இன் லைன் 2ஐ-யில் ஏறும். இப்போது ஏஎம்டி வருமானம் 3,20,000, 38,000, 40,000 மூன்றும் சேர்ந்து 3,98,000. 2025-இல் தம்பதிக்கான விலக்கு 1,37,000 போக 2,61,000. அதில் 28 சதவீதம் எடுத்து, படிவம் சொல்லும் நிலையான தொகையான 4,782-ஐக் கழித்தால் 68,298. சாதாரண வரி 62,494 போக ஏஎம்டி 5,804 டாலர்.

2026-இல் மாநிலத்திடமிருந்து 6,000 ரீஃபண்ட் வருகிறது. மறுகணக்கு: மாநில வரிக் கழிவு 6,000 குறைந்திருந்தால் வரிக்குரிய வருமானம் 3,26,000, சாதாரண வரி 63,934. ஏஎம்டி பக்கம் எதுவும் மாறாது, அங்கே 68,298 அப்படியே. ஏஎம்டி மட்டும் 4,364-ஆகக் குறையும். மொத்த வரி இரண்டு கணக்கிலும் 68,298. பப்ளிகேஷன் 525-இன் சொற்படி ரீஃபண்டுக்கு வரி இல்லை.

இதிலிருந்து ஒரு குறுக்கு வழி கிடைக்கிறது. ரீஃபண்டை முந்தைய ஆண்டின் உச்ச அடுக்கு விகிதத்தால் பெருக்குங்கள்: 6,000-க்கு 24 சதவீதம் 1,440. லைன் 11-இல் உள்ள ஏஎம்டி அதை விடப் பெரிதென்றால் அந்த ஆண்டு வரியில் பயன் ஏதும் கிடைத்திருக்காது. சிறிதென்றால் ஏஎம்டியை அதே விகிதத்தால் வகுங்கள். வருவது வீணான பகுதி, மீதி வருமானம். அதே தம்பதிக்கு ஐஎஸ்ஓ வித்தியாசம் 20,000 மட்டுமே என்று வைத்துக்கொண்டால் ஏஎம்டி வெறும் 204 டாலர். 204-ஐ 0.24-ஆல் வகுத்தால் 850. ஆக 6,000-இல் 850 போக 5,150 வருமானம். முழு மறுகணக்கும் இதே எண்ணைத் தரும்: மொத்த வரி 62,698-லிருந்து 63,934-ஆக 1,236 கூடும், 5,150-இன் 24 சதவீதம் அதுதான்.

குறுக்கு வழி எப்போது உடையும்? 6,000-ஐக் கூட்டும்போது வருமானம் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவினால் உடையும். நீண்டகால மூலதன லாபமும் குவாலிஃபைடு டிவிடெண்டும் கணிசமாக இருந்தாலும் உடையும். அவற்றுக்குத் தனி விகிதங்கள் இருப்பதால் ஃபார்ம் 6251-இன் மூன்றாம் பாகம் நுழைந்துவிடும். அப்போது முழு மறுகணக்கைத் தவிர வேறு வழியில்லை.

பப்ளிகேஷன் எங்கே நின்றுவிடுகிறது

‘ஏஎம்டி கட்டியவருக்கு ஸ்டேட் ரீஃபண்டில் வரி இல்லை’ என்ற சொல்வழக்கு 2018-க்கு முந்தைய காலத்துச் சரக்கு. அன்று வரம்பில்லாத மாநில வரிக் கழிவே பலரை ஏஎம்டிக்குள் தள்ளியது. அவர்களுக்கு அந்த விதி பெரும்பாலும் சரியாகவே அமைந்தது. இன்று ஏஎம்டி கட்டுகிற தமிழ் மென்பொறியாளர் குடும்பங்களில் பலவற்றுக்குக் காரணம் ஐஎஸ்ஓ. இந்த இரண்டு ஏஎம்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: ஐஎஸ்ஓவால் கட்டிய ஏஎம்டி பிற்பாடு கிரெடிட்டாக, அதாவது வரியிலிருந்து நேரடியாகக் கழியும் தொகையாகத் திரும்பும், மாநில வரியால் கட்டியது திரும்பாது. அந்தக் கிரெடிட்டைக் கணக்கிடுவது ஃபார்ம் 8801.

மேலே சொன்ன தம்பதியை மறுபடி எடுங்கள். ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு, மாநில வரி போன்ற நிரந்தர இனங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏஎம்டி பக்கம் 3,58,000-இல் விலக்கு போக 2,21,000-க்குக் கீழ் அடுக்கான 26 சதவீதம், அதாவது 57,460. சாதாரண வரி 62,494 அதை விட அதிகம். எனவே நிரந்தர இனங்களால் வந்த ஏஎம்டி பூஜ்யம். 5,804 முழுவதும் கிரெடிட்டாக அடுத்த ஆண்டுக்குப் போகிறது. மறுகணக்கில், கழிவு 6,000 குறைந்திருந்தால், கிரெடிட் 4,364தான் வந்திருக்கும். அந்த ஆண்டு வரி குறையாவிட்டாலும், கழிவு எடுத்ததால் கிரெடிட் 1,440 கூடியிருக்கிறது.

பிரிவு 111-இன் உட்பிரிவு சி இதைத்தான் பிடிக்கிறது: இன்னும் காலாவதியாகாத கேரிஓவர் (அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் தொகை) ஒன்று கழிவால் அதிகரித்திருந்தால், அதையும் வரி குறைந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. இந்த வாசகத்தை ஏஎம்டி கிரெடிட்டோடு சேர்த்துப் படித்தால் 6,000 டாலரையும் வருமானத்தில் சேர்ப்பதுதான் பாதுகாப்பான முடிவு. பப்ளிகேஷன் 525 பயன்படுத்தப்படாத கிரெடிட் இருந்தால் மறுகணக்கு செய் என்று வேறிடத்தில் பொதுவாகச் சொல்கிறது. ஆனால் ஏஎம்டி பத்தியில் ‘மொத்த வரி மாறவில்லையென்றால் சேர்க்காதே’ என்பதோடு முடித்துவிடுகிறது. ஐஎஸ்ஓ வைத்திருப்பவர் அந்தப் பத்தியை மட்டும் படித்தால் தவறான பக்கம் போய்விடுவார். இந்த வெளியீட்டின் மிகப் பெரிய குறை இதுதான்.

இப்போது வேறொரு தம்பதி. எண்கள் எல்லாம் அச்சு அசலாக அதே. ஐஎஸ்ஓவுக்குப் பதில், தனியார் திட்டங்களுக்காக அரசு அமைப்புகள் வெளியிடும் பிரைவேட் ஆக்டிவிட்டி பாண்டுகளிலிருந்து 40,000 வட்டி. சாதாரண கணக்கில் அதற்கு வரியில்லை, ஏஎம்டியில் லைன் 2ஜி வழியாக உண்டு. லைன் 11-இல் இவர்களுக்கும் அதே 5,804. ஆனால் அந்த வட்டி நிரந்தர இனம் என்பதால் கிரெடிட் ஒரு காசும் வராது, மறுகணக்கிலும் வராது. இவர்களுக்கு 6,000 ரீஃபண்ட் சுத்தமாக வரியில்லாதது. ஒரே ஃபார்ம், ஒரே லைனில் ஒரே தொகை, ஆனால் பதில் இரண்டு. லைன் 11-ஐ மட்டும் கேட்கும் எந்தக் கருவியாலும் இவர்களைப் பிரித்தறிய முடியாது. ஃபார்ம் 8801-இன் முதல் பாகத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஐஎஸ்ஓ தம்பதிக்கு இதில் அவ்வளவு நஷ்டம் இல்லை. ரீஃபண்டைச் சேர்த்தால் 2026-இன் சாதாரண வரி கூடும், ஏஎம்டி பக்கம் கூடாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அளவுக்குத்தான் பழைய கிரெடிட்டை எடுக்க முடியும் என்பதால், அந்த இடைவெளியும் கூடவே விரிகிறது. எடுக்காமல் மீதமிருக்கும் கிரெடிட் இருக்கும்வரை கூடிய வரியை அதுவே ஈடுகட்டும். கிரெடிட் கொஞ்சம் முன்னதாகச் செலவாகும், அவ்வளவுதான். செய்யக்கூடாத காரியம் ஒன்று: ரீஃபண்டை வருமானத்தில் சேர்த்துவிட்டு, ஃபார்ம் 8801-இலும் கிரெடிட்டை 4,364-ஆகக் குறைத்துக்கொள்வது. அது ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி கட்டுவது.

மென்பொருள்

பெயர் சொல்லி ஒன்றைத் தூக்கி ஒன்றை இறக்குவதில் பயனில்லை. ஆண்டுக்கு ஆண்டு கேள்விகளின் வரிசையை மாற்றுகிறார்கள். பார்க்க வேண்டியது, முந்தைய ஆண்டின் எந்தெந்த எண்களை அது கேட்கிறது என்பதே. ஷெட்யூல் ஏ-யின் 5ஏ, 5டி, 5இ, 17, தாக்கல் நிலை, வரிக்குரிய வருமானம், ஃபார்ம் 6251-இன் லைன் 11, விற்பனை வரி மாற்றுத் தொகை ஆகிய அனைத்தையும் கேட்டால் நல்ல மென்பொருள். வெறுமனே ‘சென்ற ஆண்டு ஐட்டமைஸ் செய்தீர்களா’ என்று மட்டும் கேட்டால் அது சின்ன ஒர்க்‌ஷீட்டின் மின்னணு நகல்தான்.

சென்ற ஆண்டும் அதே மென்பொருளில் தாக்கல் செய்திருந்தால் இந்த எண்கள் தானாக வந்துவிடும். மாறியவர்களுக்குத்தான் ஆபத்து. பிடிஎஃப் இறக்குமதி செய்தால் முதல் இரண்டு பக்கங்களில் உள்ளவை வந்துவிடும், ஃபார்ம் 6251 வராமல் போகலாம். மென்பொருள் ஏஎம்டியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 1099-ஜி தொகை முழுவதையும் லைன் 1-இல் போட்டுவிடும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. ஃபெடரல் இலவச சேவையான ஃப்ரீ ஃபைல் ஃபில்லபிள் ஃபார்ம்ஸில் ஒர்க்‌ஷீட்டே கிடையாது. கட்டத்தில் நீங்கள் எழுதுவதுதான் போகும். ஏஎம்டி உள்ளவர்களுக்கு ஒருவிதத்தில் அது நேர்மையான கருவி என்றே சொல்ல வேண்டும், தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வதில்லை.

மென்பொருளை வைத்து மறுகணக்கு செய்ய மிக நம்பகமான வழி, சென்ற ஆண்டுக் கோப்பின் நகலைத் திருத்திப் பார்ப்பது. கணினியில் நிறுவும் பதிப்பு என்றால் 2025 கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். நகலில் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தின் பெட்டி 17-ஐ (மாநில வரிப் பிடித்தம்) தொடாதீர்கள். அதைத் தொட்டால் மாநில ரிட்டர்னும் மாறிக் குழப்பும். ஷெட்யூல் ஏ-யில் மாநில வருமான வரிக்கான சரிக்கட்டல் கட்டத்தில் மைனஸ் 6,000 போடுங்கள். பிறகு அசல், நகல் இரண்டிலிருந்தும் மூன்று எண்களை எடுத்து எழுதுங்கள்: ஏஎம்டிக்கு முன்னான சாதாரண வரி, ஃபார்ம் 6251 லைன் 11, 1040-இன் மொத்த வரி. கிரெடிட்டுக்கு, 2026 மென்பொருளின் ஃபார்ம் 8801-இல் இரண்டு தொகுப்பு எண்களையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் 2025 ஏஎம்டிக்கான கிரெடிட் 2026 ரிட்டர்னில்தான் கணக்காகிறது. ஆன்லைன் பதிப்புகள் பலவற்றில் தாக்கல் செய்துவிட்ட ஆண்டைத் திறந்து மாற்றப்போனால் 1040-எக்ஸ் திருத்தம் தொடங்கிவிடும். ஆன்லைன்காரர்கள் அதைத் தொடாமல் காகிதத்தில் ஃபார்ம் 6251-ஐ நிரப்பிப் பார்ப்பது நல்லது. 38,000-ஐ 32,000 ஆக்குவதும், அதற்கேற்ப வரிக்குரிய வருமானத்தையும் சாதாரண வரியையும் உயர்த்துவதும் தவிர அதில் மாற வேண்டியது எதுவும் இல்லை.

கிடைத்த விடையை மென்பொருளில் ஏற்றும்போது 1099-ஜி தொகையைக் குறைத்து எழுதாதீர்கள். பெட்டி 2-இல் உள்ளபடியே 6,000 எழுதிவிட்டு, வரிக்குரிய பகுதியைக் கையால் மாற்றும் இடத்தைத் தேடுங்கள். ஐஆர்எஸ்ஸிடம் அந்தப் படிவத்தின் பிரதி இருக்கிறது. ரீஃபண்டைக் கையில் வாங்காமல் அடுத்த ஆண்டு எஸ்டிமேட்டட் வரிக்குத் திருப்பிவிட்டிருந்தாலும் பெட்டி 2-இல் அது ரீஃபண்டாகவே வரும். ‘பணமே வரவில்லையே’ என்று விட்டுவிடக்கூடாது. பெட்டி 3-இல் உள்ள ஆண்டையும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கான ரீஃபண்ட் ஒரே ஆண்டில் வந்தால், ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஆண்டின் வரம்பும் அந்தந்த ஆண்டின் ஏஎம்டியும்.

நடப்பு ஆண்டின் ஃபார்ம் 6251-இல் லைன் 2பி

இது தனியாகச் சோதிக்க வேண்டிய இடம். ஷெட்யூல் 1-இல் ரீஃபண்டை வருமானமாகக் காட்டினால், அதே தொகை ஃபார்ம் 6251-இன் லைன் 2பி-யில் மைனஸாக வர வேண்டும். முன்பு ஏஎம்டியில் கழிவே தராத தொகைக்கு இப்போது ஏஎம்டியில் வரி போடக்கூடாது என்பது பிரிவு 56-இலேயே இருக்கிறது. மென்பொருள் லைன் 1-ஐத் தானாக நிரப்பினால் இதையும் நிரப்பிவிடும். கையால் மேலெழுதியவர்கள், அல்லது தொகையை ‘பிற வருமானம்’ என்று வேறெங்கோ போட்டவர்கள், 2பி காலியாக இருப்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். 2பி சரியாக இருந்து, நடப்பு ஆண்டிலும் போதிய அளவு ஏஎம்டி கட்டுபவராக இருந்தால், லைன் 1-இல் ஏறிய ரீஃபண்டால் அவருடைய மொத்த வரி கூடாது. சாதாரண வரி கூடும் அளவுக்கு ஏஎம்டி குறையும்.

இருந்தாலும் ‘ஏஎம்டியில் எப்படியும் கழிந்துவிடுமே, முழுத் தொகையையும் போட்டுவிடலாம்’ என்று சோம்பல்படுவது நல்லதல்ல. ரீஃபண்ட் ஏஜிஐ-யை (ஐட்டமைஸ்டு கழிவுகளுக்கு முந்தைய வருமானம்) உயர்த்தும். 2026-இல் சரிக்கட்டிய ஏஜிஐ 5,05,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் மாநில வரிக் கழிவின் 40,400 வரம்பு 30 சென்ட் சுருங்கும், 10,000-ஐத் தொடும்வரை. அந்த வீச்சில் இருந்து, வரம்பு முழுவதையும் பயன்படுத்தும் குடும்பம் தேவையில்லாமல் 6,000-ஐ வருமானத்தில் சேர்த்தால், கழிவில் 1,800 போகும். வரிக்குரிய வருமானம் 7,800 கூடும். 2026-இல் ஏஎம்டி விதியும் இறுகியிருக்கிறது: தம்பதிக்கு விலக்கு 1,40,200-ஆகக் கொஞ்சம் கூடினாலும், அது கரையத் தொடங்கும் எல்லை 12,52,700-லிருந்து 10 லட்சம் டாலராக இறங்கிவிட்டது, கரையும் வேகமும் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக இரட்டித்துவிட்டது.

வரிக் கணக்கில் குடியிருப்பாளர் அல்லாதவராக (என்ஆர்) 1040-என்ஆர் தாக்கல் செய்து, அடுத்த ஆண்டு 1040-க்கு மாறியவர்களுக்கு ஒரு சொல். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்த மாணவர்களைத் தவிர மற்ற என்ஆர்-கள் மாநில வரியை ஐட்டமைஸ் செய்தே தீர வேண்டியிருந்திருக்கும். அவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோடு ஒப்பிடும் படி பொருந்தாது. 2,000 டாலர் கழித்து 700 ரீஃபண்ட் வந்தால், அந்தக் கழிவு வரியைக் குறைத்திருந்த அளவுக்கு 700-ம் வருமானமே. மென்பொருள் இங்கே அவர்களுக்குச் சாதகமாகத் தவறிழைக்கும், பிற்பாடு கடிதம் வரும். டெக்சாஸ், ஃபுளோரிடாவாசிகளுக்கு மாநில வருமான வரியே இல்லை. இந்தத் தலைவலியும் இல்லை.

சிபிஏ, என்ரோல்ட் ஏஜென்ட்

சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்), என்ரோல்ட் ஏஜென்ட் (ஐஆர்எஸ் அங்கீகரித்த வரி ஆலோசகர்) யாரிடம் போனாலும், கட்டணம் கேட்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ரீஃபண்டுக்காக 2025-இன் ஃபார்ம் 6251-ஐயும் அதைத் தொடரும் 8801-ஐயும் மறுபடி போட்டுப் பார்ப்பீர்களா? ‘ஏஎம்டி இருந்ததா, அப்படியானால் வரியில்லை’ என்று உடனே பதில் வந்தால் அவர் 2017-இலேயே நிற்கிறார். கொடுக்க வேண்டிய காகிதங்கள்: 2025-இன் முழு ரிட்டர்ன், ஃபார்ம் 6251 உட்பட, ஐஎஸ்ஓ எக்சர்சைஸுக்கான ஃபார்ம் 3921, ஜனவரியில் கட்டிய எஸ்டிமேட்டட் தவணையின் ரசீது, 1099-ஜி. ஏஎம்டி பூஜ்யமாக வந்த ஆண்டிலும் ஃபார்ம் 6251-ஐ அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். தாக்கலோடு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாத ஆண்டுகளில் மென்பொருள் அதை பிடிஎஃபில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

மறுகணக்குத் தாள்களையும் ரிட்டர்னோடு அனுப்பத் தேவையில்லை. கடிதம் வந்தால் காட்டக் கோப்பில் இருக்கட்டும். ஏற்கெனவே முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டி அதிக வரி கட்டியவர்கள், தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் போட்டுத் திரும்பப் பெறலாம். அதில் லைன் 1-ஐத் திருத்தும்போது, அந்த ஆண்டின் 6251-இல் 2பி-யையும் அதே தொகைக்குத் திருத்த மறந்தால் புதுப் பிழை ஒன்று நுழைந்துவிடும்.